சித்தப்பா கத்தினால் அப்பத்தா காபி கொண்டு வருகிறார்: நோயை நாங்கள்தான் வளர்க்கிறோமா?

கோட்டையூர்ப் பெண்:
அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பாடத்தில் உல்மன், கிராஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1969-இல் சொன்ன விளக்கம் வருகிறது. மற்றவர்களின் முகத்தையும் பேச்சையும் கவனித்துப் பலன் காணாத ஒருவர், அதை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத வெளிச்சம், சத்தம் இவற்றில் மனதை வைக்கிறாராம். அதனால் விசித்திரமாக நடக்கிறார், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்தக் கவனிப்பே வலுவூட்டலாகி, அதாவது பரிசு போல ஆகி, அந்த நடத்தை நிலைத்துவிடுகிறதாம்.

படித்ததும் எங்கள் சித்தப்பா நினைவுதான். கல்லூரியில் படிக்கும்போதே வந்த நோய், மாத்திரை சாப்பிடுகிறார். பகல் முழுக்க வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) தூணோரம் உட்கார்ந்திருப்பார். கோவில் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறது என்று திடீரென்று சத்தம் போடுவார். உடனே அப்பத்தா இரண்டாம் கட்டிலிருந்து காபியோடு ஓடி வருவார். சும்மா இருக்கும்போது அவர் பக்கம் யாரும் போவதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "கண்டுக்காம விடுங்க, தானா அடங்கிடும்" என்கிறான். அது சரியா?

தேவகோட்டை அக்கா (ஓய்வுபெற்ற மனநல நர்ஸ்):
அண்ணன் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது தங்கச்சி. அந்தக் கால்வாசியை முழுசாக எடுத்துக்கொண்டால்தான் ஆபத்து.

அய்லான் என்பவரும் உடன் வேலை பார்த்தவர்களும் 1965-இல் வெளியிட்ட துடைப்பக் கதையை உன் புத்தகம் சொல்கிறதா, தெரியவில்லை. மருத்துவமனையில் பல வருடம் கிடந்த ஒரு பெண்மணி, சிகரெட் பிடிப்பதைத் தவிர எதிலும் நாட்டமில்லாதவர். அவர் துடைப்பத்தைக் கையில் பிடித்து நிற்கும்போதெல்லாம் சிகரெட் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அம்மா துடைப்பமும் கையுமாகவே திரிய ஆரம்பித்துவிட்டார். பின்னணி தெரியாத மனநல மருத்துவர்களை அழைத்துக் காட்டினால், அது அவருக்குக் குழந்தை, ராணியின் செங்கோல் என்றெல்லாம் ஆழமான விளக்கம் வந்தது. சிகரெட்டை நிறுத்தினார்கள், துடைப்பமும் போய்விட்டது. வார்டில் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அந்தம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு விசித்திர நடத்தையைப் பரிசு கொடுத்தே உண்டாக்கலாம், நிறுத்தலாம். ஆனால் அந்தம்மாவுக்கு நோய் எப்படி வந்தது என்று அது சொல்லவே இல்லை. துடைப்பம் வருவதற்கு முன்பே அவர் நோயாளிதான்.

நோய் வீட்டில் கற்றுக்கொண்டது என்றால், ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவரின் 1966 ஆய்வுக்குப் பதில் இல்லை. மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வந்தது. அதே மாதிரி பிரிந்து வளர்ந்த, தாய்க்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த அம்மாக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இந்தப் பிள்ளைகளுக்கு வழியே இல்லையே! ஆனால் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பாதிதான். ஆக, பரம்பரையும் முழுக் கதை இல்லை.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குரல் கேட்பது அப்பத்தாவின் காபியால் வந்ததில்லை. அதைச் சொல்லிச் சத்தம் போடுவது எத்தனை தடவை, யார் முன்னால் என்பதில் வேண்டுமானால் காபிக்குப் பங்கு இருக்கலாம். காபியை நிறுத்தச் சொல்லாதே, நேரத்தை மாற்று. அவர் அமைதியாக இருக்கும்போது டம்ளரோடு போய்ப் பக்கத்தில் உட்காரச் சொல். சத்தம் போடும்போது "உங்களுக்குக் கேட்குது, எனக்குக் கேட்கலை, கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் போதும். வாதாட வேண்டாம், ஆமாம் போட வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். பயத்தில் கத்துகிற ஆளைக் கண்டுகொள்ளாமல் விடுவது வைத்தியம் ஆகாது. தன்னையோ பிறரையோ ஏதாவது செய்துவிடும்படி குரல் அவரிடம் சொல்கிறதா என்று மட்டும் கேட்டு வை. ஆமாம் என்றால் அன்றே டாக்டரிடம்.

பள்ளத்தூரான்:
எங்க அக்காவுக்கும் இதே நோய்தான். மாத்திரை ஒழுங்காப் போனா மத்தது தானா வரும். தியரி எல்லாம் பரீட்சைக்குத்தான்.

தேவகோட்டை அக்கா:
மாத்திரை முக்கியம்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் குரலை அடக்குகிற அளவுக்கு அது ஆளைக் குளிக்க வைக்காது, சவரம் செய்ய வைக்காது, நாலு பேரோடு பேச வைக்காது. டோக்கன் முறை கைகொடுத்தது அங்கேதான். படுக்கையை மடித்தால் ஒரு டோக்கன், அதைக் கொடுத்துப் பிடித்ததை வாங்கலாம். நீண்டகால நோயாளிகளிடம் மூன்று வகைப் பராமரிப்பை ஒப்பிட்டு பால், லென்ட்ஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வகை வார்டுதான் முன்னால் நின்றது. இன்னொன்று, வீட்டில் ஓயாமல் குறை சொல்வதும் அளவுக்கு மீறித் தாங்குவதும் நோய் திரும்பி வருவதை அதிகமாக்கும் என்று வான், லெஃப் 1976-இல் காட்டினார்கள். உங்கள் அக்காவை "சோம்பேறி" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையும் நிறுத்துங்கள்.

கோட்டையூர்ப் பெண்:
அக்கா, அப்படியென்றால், நடத்தை எல்லாம் கற்றுக்கொண்டதே என்கிற கற்றல் கோட்பாட்டுக்கு நோயின் தொடக்கத்தில் இடமே இல்லையா? பத்து மதிப்பெண் கேள்வி வரும்.

தேவகோட்டை அக்கா:
இருக்கிறது, வேறு வாசல் வழியாக. எது முக்கியம் என்று மூளை பழகிக்கொள்வதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. அது வேளை கெட்டுச் சுரந்தால் ஒன்றுமில்லாத ஒலிபெருக்கிச் சத்தம்கூடத் தன்னைக் குறித்தது போலத் தோன்றும், அதற்கு மனம் ஒரு காரணம் கட்டிக்கொள்ளும் என்று கபூர் என்ற மனநல மருத்துவர் 2003-இல் எழுதினார். உல்மன், கிராஸ்னர் சொன்ன "சம்பந்தமில்லாததில் கவனம்" இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, காரணம் மட்டும் வேறு. விடையில் துடைப்பத்துக்கு அரைப் பக்கம், ஹெஸ்டனுக்கு அரைப் பக்கம், மீதியைக் கபூருக்கு ஒதுக்கு. சித்தப்பாவைப் பற்றி விடைத்தாளில் எழுதாதே.