பெருஞ்சுவருக்குப் போகும் எஸ்2 ரயில் நடுவழியில் ஏன் பின்னால் போகிறது?

புதுப்பயணி:
வேலையாக பெய்ஜிங் போனவன், ஒரு ஞாயிறு ஹுவாங்துதியன் நிலையத்தில் எஸ்2 பிடித்தேன். இருக்கை எண் கிடையாது, கேட் திறந்ததும் தாத்தா பாட்டி உட்பட எல்லாரும் ஓட்டம், நானும் ஓடி ஜன்னலோரம் பிடித்தேன். மலை ஏறிப்போன வண்டி ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்று, கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டது. கோளாறு, திரும்ப பெய்ஜிங்குக்கே கொண்டுபோகிறார்கள் என்று நொந்துபோனேன். அடுத்து வந்ததோ நான் போகவேண்டிய பெருஞ்சுவர் நிலையமான படாலிங்! என்ன கதை இது?

தண்டவாளப்பித்தன்:
கோளாறெல்லாம் இல்லை, அந்த ஸ்டேஷன் பெயர் சிங்லோங்சியாவ். 1905இல் தொடங்கி 1909இல் திறந்த பெய்ஜிங்–ஜாங்ஜியாகோவ் பாதை அது. அங்கே 30 அடிக்கு 1 அடி ஏற்றம். நேராக ஏற்றினால் சுரங்கம் ரொம்ப நீளமாகிவிடும், அதனால் பொறியாளர் ஜான் தியன்யோ கூரை வடிவில் இரண்டு கோடு சேர்கிற மாதிரி பாதை போட்டார் (சீனத்தில் 'மனிதன்' என்ற எழுத்து அப்படித்தான் இருக்கும்). வண்டி ஒரு கோட்டில் ஏறி முனையில் நின்று, மற்ற கோட்டில் பின்பக்கமாக ஏறும். முன்னும் பின்னும் எஞ்சின் இருப்பதால் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. படாலிங் சுரங்கம் 1091 மீட்டரோடு முடிந்தது.

சும்மாவந்தவர்:
பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக் கண்டுபிடித்தவரும் இவர்தானே?

தண்டவாளப்பித்தன்:
இல்லைங்க, எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பரவிய கதை. அது அமெரிக்கர் ஜேனி கண்டுபிடித்தது. ஜான் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சீனாவில் அதைப் பரப்பியவர், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பொறியாளர்களை நம்பாமல் இந்த மலையில் பாதை போட்டதே போதாதா?

மலைநாடன்:
2019 டிசம்பரில் திறந்த அதிவேகப் பாதை அதே ஸ்டேஷனுக்கு அடியில் வெறும் 4 மீட்டர் ஆழத்தில்தான் போகிறது. மேலே 'மனிதன்', குறுக்கே இந்தக் கோடு, சேர்த்தால் 'பெரிய' என்ற எழுத்து என்று சீனர்களுக்கு ஒரே பெருமை. நேரம் இல்லாதவர்கள் அதில் போகலாம், ஆனால் அந்தப் பாதையின் படாலிங் நிலையம் தரைக்குக் கீழே 102 மீட்டர், வழியில் சுரங்க இருட்டு, அப்புறம் எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டர். என் ஓட்டு எஸ்2வுக்குத்தான். மார்ச் கடைசி, ஏப்ரலில் வழியில் வரும் ஜுயோங்குவான் கணவாய்ப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பூ.

புதுப்பயணி:
அப்போ அந்தக் குட்டி ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகத் தெரிந்த சிலை?

தண்டவாளப்பித்தன்:
ஜான் தியன்யோவேதான். சமாதியும் அங்கேயே.