இரண்டு பேருக்கு மட்டும் சமைக்க ஒரு சிறிய கரி ஸ்மோக்கர்: எதை வாங்கலாம்?

அரவேணுச் சமையலறை:

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே அரவேணு பக்கம் இருக்கிறோம். வீட்டில் நானும் அவரும்தான். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. போன கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டில் மணிக்கணக்காகப் புகையில் வெந்த பன்றித் தோள்கறியைச் சாப்பிட்டதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வேறு பேச்சே இல்லை. எனக்குக் கோழியும், கொஞ்சம் புகை மணக்கும் சீஸும் கிடைத்தால் போதும்.

மூன்று அடுப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, வெபர் கம்பெனியின் ஸ்மோக்கி மவுன்டன் என்ற ஸ்மோக்கரில் ஆகச் சிறியது, 37 செ.மீ. குறுக்களவு. இரண்டாவது, 47 செ.மீ. கெட்டில் கிரில், மூடி போட்ட உருண்டை அடுப்பு. மூன்றாவது, பக்கத்தில் நெருப்புப் பெட்டி ஒட்டிய பீப்பாய் வகை. மூன்றில் மலிவு அதுதான். பார்ப்பதற்குக் குன்னூர் ரயில் எஞ்சின் குட்டி போட்டது போல இருக்கிறது. அவருடைய மனம் அதில்தான்.

இந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் பருப்பே வேகாது, கறி வேகுமா? சாயங்காலம் ஆனால் காற்றும் மூடுபனியும் வந்துவிடும், அடுப்பு தாங்குமா? கொல்லையில் கவாத்து செய்த பிளம்ஸ் கட்டைகள் கிடக்கின்றன, வேலியோரம் யூகலிப்டஸ் நிற்கிறது. எதையாவது பயன்படுத்தலாமா?

குன்னூர் லேத் பட்டறை:

அம்மா, முதலில் அந்த ரயில் எஞ்சினை ஓரங்கட்டுங்கள். நாற்பது வருடம் தகரத்தோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். அந்த வகை அடுப்பு கனத்த இரும்பில் செய்யப்பட்டிருந்தால் அருமையானது. மலிவு விலையில் கிடைப்பதெல்லாம் மெல்லிய தகடு. நெருப்பு ஒரு பெட்டியில், கறி இன்னொரு பெட்டியில். நடுவில் உள்ள சூட்டை நம்மூர்க் காற்று வழித்துக்கொண்டு போய்விடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐயா கறி சாப்பிட மாட்டார், ஃபயர்மேன் உத்தியோகம்தான் பார்ப்பார்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கைபேசி டார்ச்சை எரியவிட்டு அடுப்புக்குள் வைத்து மூடியைச் சாத்துங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்று புகும். கரி அடுப்பில் சூட்டைக் கட்டுப்படுத்துவது காற்றுத் துளைதான். நாம் வைக்காத துளை பத்து இருந்தால் நம் பேச்சை அது கேட்காது.

என்னிடம் இருப்பது அந்த 37 செ.மீ. துப்பாக்கித் தோட்டா வடிவ அடுப்புதான். அடியில் கரிக் கூடை, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே இரண்டு கம்பி வலைகள். இரண்டாகப் பிளந்த கோழி ஒன்று ஒரு வலையில் அடங்கும். கோழிக்கு எனக்கு ஒரு கிலோ கரி ஆகிறது. ஒன்றரைக் கிலோ பன்றித் தோளுக்கு இரண்டரைக் கிலோ. விருந்தாளி வந்தால் உதவுமே என்று பெரிதாக வாங்காதீர்கள். வருடத்தில் இரண்டு நாள் வருகிறவர்களுக்காக மீதி நாளெல்லாம் வெற்றிடத்தைச் சூடாக்க வேண்டியிருக்கும்.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீர். கோத்தகிரி உயரத்தில் அது 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. ஸ்மோக்கரில் கறியை வேகவைப்பது 110, 120 டிகிரி காற்று. அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் காற்று இங்கே மெலிது, கரி சற்றுச் சோம்பலாகப் பற்றும். கீழ்த்துளையைச் சமவெளிக்காரர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வையுங்கள். மேல்துளையை மூடவே கூடாது.

இன்னொன்று. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்குங்கள், மூடியில் இருப்பதை நம்ப வேண்டாம். புதிதாக வாங்கியதைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் 94 காட்டினால் அது சரியான கருவி. நான் இது தெரியாமல் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அவரோடு சண்டையும் போட்டேன்.

கூடையில் எரியாத கரியை நிரப்பி, நடுவில் குழி செய்து, நன்றாகப் பற்றிய துண்டுகள் எட்டோ பத்தோ மட்டும் போடுங்கள். 100 டிகிரியைத் தொடும்போதே கீழ்த்துளைகளைக் குறுக்கிவிடுங்கள். ஏறிய சூட்டை இறக்குவது வம்பு. தட்டில் வெந்நீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதைச் சூடாக்கவே பாதிக் கரி போய்விடும். கோழிக்குத் தண்ணீரே வேண்டாம், 150 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள், இல்லையென்றால் தோல் ரப்பராக இருக்கும். கறிக்குள்ளே 74 டிகிரி தாண்டாமல் எடுக்காதீர்கள். பன்றித் தோள் 70ஐ ஒட்டி வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். உள்ளீரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வருவது அது. பயந்து கரியைக் கொட்டாதீர்கள். 90 தாண்டியதும் நார்நாராகப் பிரியும்.

பிளம்ஸ் கட்டை தங்கம். பாசி படிந்த பட்டையைச் சீவிவிட்டு, மழை படாத இடத்தில் ஆறு மாதமாவது காயப்போடுங்கள். பேரி, கொய்யா இரண்டும் ஆகும். யூகலிப்டஸ், பைன், சைப்ரஸ் வேண்டாம். எண்ணெயும் பிசினும் உள்ளவை, கறி தைலம் போல நாறும். உன்னிச்செடி நஞ்சு, கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஈரக்கட்டையில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் நீலம் பாய்ந்த மெல்லிய புகை வந்த பிறகே கறியை வையுங்கள்.

மேல்மலைப் பூண்டு:

பட்டறை ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் கெட்டில் பக்கம். பூம்பாறையில் ஐந்து வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு பேருள்ள வீட்டில் ஆறு மணி நேரம் புகையூட்டுவது மாதத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் மீனோ சோளமோ சுட வேண்டாமா? கெட்டில் இரண்டுக்கும் ஆகும். பிரிக்கெட் கரியை, அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை, அடுப்பின் உட்சுவரோரமாக அரைவட்டத்தில் இரண்டிரண்டாக, இரண்டு அடுக்கு வைத்து, ஒரு முனையை மட்டும் பற்றவையுங்கள். பாம்பு ஊர்வது போல நெருப்பு மெல்ல நகரும். கறி எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் குளிருக்கு அடுப்பை உள்ளே எடுத்துவிடாதீர்கள், கதவைச் சாத்திய வராந்தாவிலும் வேண்டாம். எங்கள் கொடைக்கானலில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கட்டபெட்டுத் தோட்டம்:

கரடியை மறந்துவிட்டீர்களே! சமைத்து முடித்ததும் சொட்டிய கொழுப்பை அன்றிரவே வழித்தெடுத்து, வலையையும் தட்டையும் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். விளக்கு எண்ணெய்க்கே கோயில் கதவை உடைக்கிற ஆசாமி, பன்றிக் கொழுப்பை விட்டுவைக்குமா? சமையலை மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

அரவேணுச் சமையலறை:

எல்லோருக்கும் நன்றி. டார்ச் சோதனையை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். ரயில் எஞ்சின் மூடியைச் சுற்றித் தீபாவளி போல வெளிச்சம். ஒன்றும் பேசாமல் டார்ச்சை அணைத்துவிட்டார்.

மீன் எங்களுக்குக் கிடைப்பதே அபூர்வம். சோளம் சுட வீட்டில் விறகடுப்பு இருக்கிறது. அதனால் 37 செ.மீ.தான் என்று முடிவு செய்துவிட்டோம். பட்டறை ஐயா, இரண்டு சந்தேகம் மிச்சம். சந்தையில் கிடைப்பது சீமைக்கருவேலங்கரி, கொட்டாங்கச்சிக் கரி இரண்டும்தான், எது? சீஸ் உருகாமல் எப்படி?

குன்னூர் லேத் பட்டறை:

கருவேலங்கரி வாங்குங்கள், நின்று எரியும். பற்றும்போது பொறி தெறிக்கும், புடவைத் தலைப்பு கவனம். கொட்டாங்கச்சி சுள்ளென்று எரியும், கோழிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் மூடியுள்ள டின்னில் வையுங்கள். சாக்கில் வைத்தால் மூடுபனியைக் குடித்துவிடும்.

சீஸ் விஷயத்தில் நம் குளிர்தான் உதவி. மார்கழி விடியற்காலையில் இரண்டே கரித்துண்டுகள், மேலே ஒரு பிடி பிளம்ஸ் சீவல். மேல்வலையில் சீஸ். உள்ளே 30 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். ஒரு மணி நேரம் போதும். எடுத்தவுடன் சாப்பிட்டால் சாம்பலை நக்கியது போல இருக்கும். காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் பத்து நாள் வையுங்கள். ஐயா கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைப்பது உங்கள் பொறுப்பு.