ஸ்கெக் உடைந்துவிட்டது, வெல்டிங் வைக்கலாமா?

எண்ணூர்_படகு
ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். போன வாரம் எண்ணூர் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு ஓரமாக ரிவர்ஸ் எடுக்கும்போது, தண்ணீருக்குள் சரிந்து கிடந்த கல்லில் டங்கென்று இடித்துவிட்டது. ப்ரொப்பெல்லருக்குக் கீழே துடுப்பு மாதிரி இறங்கியிருக்குமே, அந்த ஸ்கெக் மூன்று விரல் அளவுக்குப் போய்விட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வேகம் கூட்டினால் கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கிறது. ஸ்கெக்கோடு சேர்ந்த கீழ்ப்பெட்டியான கியர் கேஸையே மாற்றச் சொல்கிறார்கள், அவ்வளவு பணத்துக்கு இப்போது வழியில்லை. வெல்டிங் நிற்குமா?

காசிமேடு_மெக்கானிக்
தம்பி, வெல்டிங் அப்புறம். முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள். கியர் கேஸின் கீழ் ஸ்குரூவைக் கழற்றிக் கொஞ்சம் வடியவிடுங்கள், பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். குச்சிக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளி கூடிக்குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அதோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். முன்னால் போகும்போது கல் பட்டால் எஞ்சின் மேலே எகிறித் தப்பித்துவிடும். ரிவர்ஸில் அடி பின்னாலிருந்து விழுவதால் எஞ்சின் எகிற வழியில்லை, அடி முழுவதையும் கீழ்ப்பாகமே வாங்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆர்கான்_ராயபுரம்
ஷாஃப்ட் நேராக இருந்தால் தாராளமாக வெல்டிங் வைக்கலாம். ஸ்கெக் அலுமினிய வார்ப்பு, அதற்கு ஆர்கான் வெல்டிங்தான் சரி, சாதா வெல்டிங் கடைக்குப் போய்விடாதீர்கள். அதே மாடல் எஞ்சின் யாரிடமாவது இருந்தால் அட்டை வைத்து ஸ்கெக்கை வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள், கண்ணளவில் செய்தால் கைப்பிடி மறுபடியும் இழுக்கும். கியர் கேஸைத் தனியாகக் கழற்றி, ஆயிலை முழுக்க வடித்து, மேலும் கீழும் உள்ள இரண்டு ஆயில் ஸ்குரூவையும் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை ஸ்கெக்கிலேயே மாட்டச் சொல்லுங்கள். ஷாஃப்டில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்தல் பொத்தலாக்கிவிடும், நான் அப்படி வந்த கேஸைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உடைந்த ஓரத்தில் உப்பும் பெயின்டும் துளி இல்லாமல் பளபளவென்று தேய்த்தால்தான் வெல்டிங் பிடிக்கும், இல்லாவிட்டால் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். சூட்டில் சீல் கெட்டிருக்கலாம், புதுசு போட்டுவிடுங்கள். கடைசியில் பெயின்ட் அடிக்கும்போது செம்பு கலந்தது மட்டும் வேண்டாம், கடல் தண்ணீரில் அலுமினியத்தை அரித்துவிடும்.

எண்ணூர்_படகு
ரொம்ப நன்றி அண்ணே. ஆயில் சுத்தமாக இருக்கிறது, குச்சி வைத்தும் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வெல்டிங் வைத்த பிறகு ஸ்கெக் மேல் உறை மாதிரி ஸ்டீல் கார்டு மாட்டலாமா?

காசிமேடு_மெக்கானிக்
மாட்டலாம். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நேரடியாக அலுமினியத்தில் பட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கும், நடுவில் மரைன் சீலன்ட் தடவுங்கள். அலுமினியத்துக்குப் பதில் தான் அரிந்துபோக எஞ்சினில் மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டி பாதி கரைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மணலில் ஏற்றும்போது அலை தூக்குவதற்கு முன்பே எஞ்சினை மேலே தூக்கிவிடுங்கள், கரையில் ஸ்கெக் மேல் பாரம் விழும்படி விடாதீர்கள்.