ஸ்கேன் நார்மல், வலி மட்டும் நார்மல் இல்லை: எண்டோமெட்ரியோசிஸ் அனுபவங்கள்

"பீரியட்ஸ் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் சொன்னார்கள், டாக்டர்களும் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டே என் இருபதுகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுப்பார்கள், நார்மல் என்று வரும். ஒரு வலி மாத்திரையும் "டென்ஷன் ஆகாதீங்க" என்ற அறிவுரையும் கிடைக்கும். டென்ஷனில் யாராவது வாந்தி எடுத்துக் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பார்களா?

கடைசியில் நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் புதிதாக எந்தக் கருவியையும் எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, அதுவும் அந்த நாட்களில் மட்டும்தானா? சிறுநீர் போகும்போது? உறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா? உதிரம் வருவதற்கு முன்பே வலி தொடங்கிவிடுகிறதா? வயிற்றுக்கு ஒரு டாக்டர், இடுப்புக்கு ஒரு டாக்டர் என்று நான் தனித்தனியாகக் காட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அன்று ஒரே கதையாகச் சேர்ந்தது.

கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை, வயிற்றின் உட்சுவர் என்று வெளியிடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஹார்மோன் ஏறி இறங்கும்போது அங்கேயும் அழற்சி வருகிறது, தழும்பு விழுகிறது, சில சமயம் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாக்லேட் கட்டி, அதாவது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி, இருந்தால் ஸ்கேனில் தெரியும். வயிற்று உட்சுவரில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருப்பது பெரும்பாலும் தெரியாது. ஆகவே, ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கிறது. கருவுறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் இது அபூர்வ நோயும் இல்லை.

உறுதி செய்ய லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) கட்டாயமா என்று கேட்டேன். அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம் என்றார். 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஸ்கேனில் எதுவும் தெரியாமல் மருந்தும் கேட்காவிட்டால் அப்புறம் லேப்ராஸ்கோபி.

எனக்குக் கொடுத்தது டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மி.கி., தினமும் ஒன்று, இடைவெளி இல்லாமல். ஆரம்ப மாதங்களில் பொட்டுப் பொட்டாக உதிரம் பட்டுக்கொண்டே இருந்தது, மனசும் காரணமில்லாமல் சோர்ந்தது. விட்டுவிடலாமா என்று தோன்றிய நேரத்தில்தான் வலி குறைய ஆரம்பித்தது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். மனச்சோர்வு கூடினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்று, இந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது.

உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? எழுதுங்கள்.

மறுமொழி:
எனக்கு இரண்டு பக்கமும் சாக்லேட் கட்டி, அக்கா. "கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும்" என்று ஒரு டாக்டரே சொன்னார். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி தணியலாம், ஆனால் பிள்ளை பெறுவது இதற்கு மருந்து இல்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தபோது வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்டேன். கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போகும், முதலில் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை பாருங்கள், கருமுட்டை சேமிப்பதைப் பற்றியும் பேசிவிட்டு முடிவெடுங்கள் என்றார். அந்த ஒரு பேச்சு என் முடிவையே மாற்றியது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் கட்டி திரும்ப வரலாம் என்பதால் இப்போதும் ஹார்மோன் மாத்திரையில்தான் இருக்கிறேன்.

மறுமொழி:
சகோதரிகளுக்கு வணக்கம். மனைவிக்காக எழுதுகிறேன். உறவின்போது வலி என்று சொல்லவே அவள் வெகுநாள் தயங்கினாள், என்னைத் தவிர்க்கிறாள் என்று நானும் உள்ளுக்குள் புழுங்கினேன். வலிக்குப் பயந்து இடுப்படித் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும், அதுவே தனியாக இன்னொரு வலியாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் தசையைத் தளர்த்தவும் மூச்சைச் சீராக்கவும்தான். நல்ல பலன் தெரிகிறது. கணவர்கள் டாக்டர் அறைக்குள்ளும் கூடப் போங்கள், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி:
என் ரிப்போர்ட்டில் முதல் நிலை என்றுதான் இருக்கிறது, ஆனால் வேலைக்கே போக முடியாது. நான்காம் நிலையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு வலியே இல்லை, குழந்தை இல்லையென்று பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. நிலை என்பது பரவலைச் சொல்கிறது, வலியைச் சொல்வதில்லை. "முதல் நிலைதானே" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வலி மாத்திரை பற்றி ஒன்று. மெஃபனமிக் ஆசிட் போன்றவை வலியைத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாவதையே தடுப்பவை. வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, வரப்போகிறது என்று தெரிந்தவுடன் போட்டால் எனக்கு நன்றாகக் கேட்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மறுமொழி:
எனக்கு சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாக வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்றே வருகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, யாராவது சொல்லுங்களேன்.

மறுமொழி:
முதல் பதிவு எழுதியவள்தான். எனக்கும் கூடியிருந்தது, தங்கச்சி. எண்டோமெட்ரியோசிஸிலும் அது ஏறும், பீரியட்ஸ் நேரத்தில் எடுத்தாலும் ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து இந்த நோயையும் உறுதி செய்ய முடியாது, புற்றுநோயையும் உறுதி செய்ய முடியாது. ரத்தம் கொடுத்தது எந்த நாளில் என்று குறித்துக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டு. தேடுவதை இன்றைக்கு நிறுத்து.