பெலே, மரடோனா, மெஸ்ஸி: பட்டிமன்றத்துக்கு எந்த அளவுகோல் நியாயமானது?

கேள்வி: உட்லண்ட்ஸ் வாசகர்

வணக்கம். எங்கள் வட்டார இந்திய நற்பணிச் செயற்குழு அடுத்த மாதம் சமூக மன்றத்தில் நடத்தவிருக்கும் பட்டிமன்றத்துக்கு, "காற்பந்தில் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் பெலேயா, மரடோனாவா, மெஸ்ஸியா?" என்று தலைப்பு முடிவாகியிருக்கிறது. நடுவர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பேசப்போகிறவர்கள் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்கள். கேட்க வருபவர்களிலோ, 1970 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களும் இருப்பார்கள்.

ஒத்திகையைக் கேட்டபோதே சிக்கல் தெரிந்துவிட்டது. பெலே அணி மூன்று உலகக் கிண்ணங்களைச் சொல்கிறது. மெஸ்ஸி அணி, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதுகள் எட்டைச் சொல்கிறது. மரடோனா அணி, சாதாரணக் குழுவைத் தனியொருவராகத் தூக்கி நிறுத்தியதைச் சொல்கிறது. தாம் எதில் வெல்கிறோமோ அதையே ஒவ்வோர் அணியும் அளவுகோலாகக் கொண்டுவருகிறது. இப்படியே விட்டால் குரல் உயர்ந்தவர் வென்றுவிடுவார். மூன்று தலைமுறைகளுக்கும் பொருந்தக்கூடிய ஓர் அளவுகோலை முன்கூட்டியே வகுத்துக் கொடுக்க நினைக்கிறேன். எதைக் கணக்கில் எடுக்கலாம், எதைத் தள்ளலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய காலாங் ரசிகன்

எண்ணிக்கையைத் தடை செய்யாதீர்கள். ஆனால் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று விதி வையுங்கள். பெலேயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோல்கள் என்ற கணக்கில், சாண்டோஸ் குழு உலகைச் சுற்றி ஆடிய நட்புமுறை ஆட்டங்களும் அடக்கம். அதைக் கேட்டதும் இளையர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அக்குழுவுக்குப் பெரும் வருமானம் அந்தப் பயணங்களிலிருந்துதான் வந்தது. எதிரே நின்றவற்றுள் ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்களும் உண்டு. எனவே அந்த எண்ணை அப்படியே விழுங்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். பிரேசிலுக்காக 92 ஆட்டங்களில் 77 கோல்கள் என்பது வாதத்துக்கு நிற்கும்.

அந்த மூன்று உலகக் கிண்ணங்களும்கூட ஒரே எடை உடையவை அல்ல. 1958-ல் 17 வயதில் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று, இறுதியாட்டத்தில் சுவீடனுக்கு எதிராக இரண்டு என்று அடித்தது வேறு. 1962-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியே உட்கார, கரிஞ்சா அணியைச் சுமந்து சென்றது வேறு.

பலோன் டோர் வாதத்தைத் தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள். 1956-ல் தொடங்கிய அவ்விருது 1995 வரை ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இத்தாலியில் நேப்போலிக்காக ஆடி 1987-லும் 1990-லும் லீக் பட்டத்தை வென்றுகொடுத்த மரடோனாவுக்குக்கூட அது கிடைத்திருக்க வழியில்லை. அர்ஜென்டினாவில் பிறந்து ரியால் மட்ரிட்டுக்கு ஆடிய டி ஸ்டெஃபானோ அதை இருமுறை பெற்றார் என்றால், அவர் ஸ்பெயின் குடியுரிமை பெற்றிருந்தார் என்பதே காரணம். விதி அனுமதிக்காத ஒன்றை வாங்கவில்லை என்று ஒருவரைக் குறை சொல்வது வாதமே அல்ல.

போட்டிகளின் அளவையும் பாருங்கள். ரியால் மட்ரிட் 1956-ல் முதல் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்ல ஏழு ஆட்டங்கள் போதுமாக இருந்தன. இன்றைய சாம்பியன்ஸ் லீக்கில் அதே கிண்ணத்துக்குக் குறைந்தது 15 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஆனால் அந்தக் குறுகிய போட்டியில் தொடர்ந்து ஐந்து முறை இறுதியாட்டத்துக்கு வந்து, ஐந்திலும் கோல் அடித்தவர் டி ஸ்டெஃபானோ ஒருவரே. அவர் பெயர் உங்கள் தலைப்பிலேயே இல்லை. உலகக் கிண்ணத்தில் ஒருமுறைகூடக் களமிறங்காததற்கு அவர் தரும் விலை இது போலும்.

கடைசியாக ஒன்று. எண்ணே எல்லாம் என்றால், ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்த கெர்ட் முல்லரைப் பற்றியல்லவா பட்டிமன்றம் நடத்தவேண்டும்? கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94 என்ற ஓட்டச் சராசரியைச் சொன்னால் சபை அடங்கிவிடும். காற்பந்தில் அப்படி எல்லாரையும் வாயடைக்கவைக்கும் ஒரே எண் கிடையாது.

பதில் 2: பின்வரிசைக்காரன்

எண்களைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடுவர் முதலில் எடுத்துரைக்கவேண்டியது ஆட்ட விதிகள் மாறிய வரலாற்றைத்தான். நான் இன்னமும் வார இறுதிகளில் தற்காப்பு வரிசையில் ஆடுகிறவன் என்பதால் இது எனக்கு உறைக்கிறது.

1966-ல் இங்கிலாந்தில் பெலேக்கு நடந்ததை மாணவர்கள் ஒளிப்பதிவில் பார்க்கட்டும். முதலில் பல்கேரிய ஆட்டக்காரர்கள் உதைத்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. போர்த்துகலுக்கு எதிராக மீண்டும் வந்தபோது அடுத்தடுத்து உதைபட்டார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி உலகக் கிண்ணத்தில் அப்போது இல்லாததால், நொண்டிக்கொண்டே மீதி நேரத்தையும் திடலில் கழித்தார். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் மாற்று ஆட்டக்காரர்களும் உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1970-ல்தான். பின்னாலிருந்து கால்களை வெட்டுவதற்குச் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998 உலகக் கிண்ணத்தை ஒட்டித்தான் வந்தது. 1982-ல் இத்தாலியின் ஜென்டிலே மரடோனாவை ஆட்டம் முழுவதும் பிடித்து இழுத்துத் தள்ளியும் இறுதிவரை திடலில் இருந்தார். மறு ஆண்டு ஸ்பெயினில் கொய்கொச்சியா பின்னாலிருந்து பாய்ந்து மரடோனாவின் கணுக்காலையே உடைத்தார்.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. மரடோனா 1986 ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக அடித்த இரண்டாவது கோலை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில், நண்பகல் வெயிலில், தம் பாதித் திடலில் பந்தை வாங்கி, திரும்பும்போதே இருவரைக் கழற்றிவிட்டு ஓடுகிறார். பெனால்டி எல்லையை நெருங்கும்போது ஃபென்விக் குறுக்கே வருகிறார். ஆனால் காலை முழுதாக நீட்டவில்லை. காரணம், மரடோனாவையே முரட்டுத்தனமாகத் தடுத்ததற்காக அவர் தொடக்கத்திலேயே மஞ்சள் அட்டை பெற்றிருந்தார். அந்த அட்டை இல்லாத 1966-ல் அதே ஓட்டம் அங்கேயே தரையில் முடிந்திருக்கலாம்.

மெஸ்ஸி 2007-ல் கெட்டாஃபேவுக்கு எதிராக ஏறத்தாழ அதே தடத்தில், அதே எண்ணிக்கையில் ஆட்களைத் தாண்டி, அதேபோல் கோல்காப்பாளரையும் சுற்றிச்சென்று அடித்த கோலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டமும் வெட்டும் ஒன்றுதான். மெஸ்ஸிக்கு வாய்த்ததோ சமமான புல்லும் ஸ்பானியக் கிண்ண அரையிறுதியும். மரடோனாவுக்குக் கிடைத்தது மேடுபள்ளமான திடலும் உலகக் கிண்ணக் காலிறுதியும். தலைமுறைகளை ஒப்பிட இதைவிட நல்ல பாடம் கிடையாது. என் தீர்ப்பு மரடோனா பக்கம். நடுவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பதில் 3: தெம்பனிஸ் தமிழாசிரியை

மாணவர்களைப் பேச்சுக்குத் தயார்செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உலக நட்சத்திரங்களுக்குப் போகுமுன், நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர்களை வைத்து இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பிசகினால் பெரிய இடத்திலும் பிசகும்.

1977-ல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியில் டோலா காசிமும் குவா கிம் சோங்கும் இருந்தார்கள். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் குவா. அதற்கடுத்த தலைமுறை ஃபாண்டி அகமதுவும் வி. சுந்தரமூர்த்தியும். யார் சிறந்தவர் என்று காப்பிக்கடையில் கேட்டால், எழுபதுகளில் காலாங் அரங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் டோலாவின் பந்துவசத்தைப் பற்றிக் கைகளை அசைத்து நடித்தே காட்டுவார்கள். அவருடைய ஆட்டம் எவ்வளவு ஒளிப்பதிவாகி நிலைத்தது? சொற்பம். ஃபாண்டிக்கோ 1983-ல் ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராக அடித்த கோல் இருக்கிறது. 2-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டாவது கோல் அவருடையது. மறு ஆட்டத்தில் இன்டர் 5-1 என வென்று முன்னேறியதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை! இருந்தாலும் அந்தக் கோல் நமக்கு ஓர் அளவைத் தருகிறது: நம் வட்டாரத்தில் சிறந்தவர் என்று நாம் சொன்ன ஒருவர், வேறொரு தரத்தில் நின்றும் கோல் அடித்திருக்கிறார்.

சுந்தரமூர்த்தியின் நிலை விசித்திரமானது. சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை சென்று ஆடியவர். ஆயினும் 1993-ல் புருணைக்கு எதிராகத் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த அந்த ஒரு கோல்தான் இணையத்தில் சுற்றுகிறது. என் மாணவர்களைக் கேட்டால் அவர் வித்தை காட்டியவர் என்கிறார்கள். பதிவில்லாதவர் கதையாகிவிடுகிறார், அரைகுறைப் பதிவு உள்ளவர் அந்த அரை நிமிடமாகச் சுருங்கிவிடுகிறார். மெஸ்ஸியின் ஆட்டமோ ஏறக்குறைய முழுவதும் பதிவாகியிருக்கிறது. அவர் தவறவிட்ட பெனால்டிகளும் சேர்த்துத்தான். பெலே தவறவிட்டவற்றை இன்று யார் பார்க்கிறார்கள்? ஆகவே துண்டுக் காட்சிகளைச் சான்றாகக் காட்டக்கூடாது, முழு ஆட்டத்தையே காட்டவேண்டும் என்று விதி செய்யுங்கள்.

பதில் 4: கோல்கம்பம்

தலைப்பே ஒருதலைப்பட்சமானது என்று பதிவுசெய்ய விரும்புகிறேன். மூவரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். பலோன் டோர் பெற்ற ஒரே கோல்காப்பாளர் 1963-ல் லெவ் யாஷின். தலைமுறை ஒப்பீடு உண்மையில் கடினமாவது அங்கேதான். 1992-ல், சக ஆட்டக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்று விதி மாறியபோது, அந்த வேலையே வேறொரு வேலையாகிவிட்டது. 2014-ல் அல்ஜீரியாவுக்கு எதிராகப் பெனால்டி எல்லையைத் தாண்டி ஓடிவந்து காலால் ஆபத்தை விலக்கிக்கொண்டிருந்த ஜெர்மனியின் கோல்காப்பாளர் நோயரையும் யாஷினையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: உட்லண்ட்ஸ் வாசகர்

அனைவருக்கும் நன்றி. இப்படி வகுக்கலாமா என்று பாருங்கள்: "தம் காலத்து விதிகளுக்குள், தம் காலத்துச் சக ஆட்டக்காரர்களை விட ஒருவர் எவ்வளவு உயரத்தில் நின்றார்?" விருது எண்ணிக்கை தனியாக வாதமாகாது. "இன்றைக்கு ஆடினால் பெலே எத்தனை கோல் அடிப்பார்" என்பது போன்ற கற்பனைக்கு மதிப்பெண் கிடையாது. இதில் ஓட்டை ஏதும் உண்டா?

பதில் 5: ஈசூன் பயிற்றுநர்

ஓர் ஓட்டை உண்டு; அது பெலே அணிக்குச் சாதகமானது. ஓர் ஆட்டத்தில் பொதுத் தரம் உயர உயர, முதல் இடத்தவருக்கும் நடுத்தரத்தவருக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. 1958-ல் பல நாடுகளில் ஆட்டக்காரர்களின் உடற்பயிற்சி, உணவு, எதிரணியை ஆராயும் முறை எல்லாம் ஒரே சீராக இல்லை. மேதை ஒருவர் அங்கே மலைபோல் தெரிவார். இன்று லீக்கின் கடைசி இடத்தில் இருக்கும் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரரும் ஆண்டு முழுவதும் அறிவியல் முறையில் பயிற்சி பெற்றவர். எதிரே வருபவர் எந்தக் காலால் எங்கே திரும்புவார் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டு இறங்குகிறார். பின்வரிசைக்காரர் சொன்னதுபோல் இன்று உதைகள் குறைவுதான், ஆனால் இடமும் குறைவு. பந்தை வாங்கி நிமிர்வதற்குள் இருவர் மேலே விழுகிறார்கள்.

அந்த நெருக்கடிக்குள்ளும், உலகின் எந்த நாட்டவரும் போட்டியிடக்கூடிய பலோன் டோர் விருதை 2008 முதல் 2017 வரை பத்து ஆண்டுகளும் மெஸ்ஸி, ரொனால்டோ என்ற இருவரே பங்கிட்டுக்கொண்டார்கள். சுருங்கவேண்டிய இடைவெளி சுருங்கவில்லை என்பதே அதன் பொருள். எட்டு என்ற எண்ணை நீங்கள் தள்ளலாம், இதைத் தள்ளாதீர்கள். 35 வயதில் கத்தாரில் ஏழு கோல்கள் அடித்துக் கிண்ணத்தை வாங்கியதை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். (2017-ல் அர்ஜென்டினா இங்கே வந்து நம் அணியை 6-0 என்று வென்றபோது அவர் வராததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.)

ஆகவே உங்கள் கேள்வியுடன், "அந்தக் காலத்தில் போட்டியாளர்களின் பொதுத் தரம் எப்படி இருந்தது என்பதையும் அணிகள் காட்டவேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அதைக் காட்டும் பொறுப்பு மூன்று அணிகளுக்கும் இருக்கட்டும். பெலே அணிக்கு மட்டும் வைத்தால் மூத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மறுமொழி: உட்லண்ட்ஸ் வாசகர்

சேர்த்துவிட்டேன். முழு ஆட்டம் பற்றிய ஆசிரியையின் விதியும் உண்டு: ஒவ்வோர் அணியும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்து, அதைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்துவிட்டு வரவேண்டும், இடையில் நடந்தது எதைப் பற்றியும் நடுவர் கேட்கலாம். பெலே அணி 1970 இறுதியாட்டத்தையும் மரடோனா அணி இங்கிலாந்து ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டன. மெஸ்ஸி அணி இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 2022 இறுதியாட்டம் கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆயிற்றே என்று தயங்குகிறார்கள்.