நெல்லை – கொச்சி: புளியரை மலைவழியா, நாகர்கோவில் வழியா?

வரும் சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து கொச்சிக்குக் காரில் கிளம்புகிறோம். எந்த வழி என்று முடிவெடுக்க முடியவில்லை. வண்டி 2014 வேகன் ஆர், பெட்ரோல்.

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போய், தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. எப்படியாவது காட்டிவிட வேண்டும். ஆனால் வளைவுச் சாலை என்றால் அவர்களுக்குத் தலைசுற்றி வாந்தி வந்துவிடும். மாஞ்சோலை போனபோது மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. புளியரை ஏற்றத்தில் சரக்கு லாரிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் சிரமம். இப்போது சாரல் வேறு. நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியில் மலை ஏற்றம் இல்லை, ஊருக்கு ஊர் நெரிசல்.

மேப் ஒவ்வொரு தடவையும் ஒரு நேரம் காட்டுகிறது. வாடகைக் கார் ஓட்டும் அண்ணன்மாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: காலை 5 மணிக்குக் கிளம்பினால் லாரி நெரிசலில் சிக்காமல் புளியரை மலையைக் கடந்துவிட முடியுமா?