களுவாஞ்சிக்குடியில் கிரிப்டோ பற்றிக் கதைக்க உதவி வேண்டும்

அண்ணாமார், அக்காமார், வணக்கம்.

எங்கள் வாசிகசாலையில் பிட்கொயின் என்ற கிரிப்டோ, அதாவது இணையத்தில் மட்டும் புழங்கும் நாணயம் பற்றிக் கதைக்கக் கேட்டிருக்கிறார்கள். டுபாயில் வேலை செய்தபோது சிறுகச் சிறுக வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறேன், அதில் நம்பிக்கையும் உண்டு. ஆனால் ஒருவரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். விளங்கப்படுத்தத்தான் ஆசை.

கல்முனையில் ஒரு அக்கா, காப்பை அடகு வைத்துப் பிட்கொயினில் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின், அடுத்த நவம்பரில் 16,000 அளவுக்கு இறங்கியது. விலை திரும்ப ஏறும்வரை அடகுக்கடை வட்டி காத்திருக்குமா? மாதாமாதம் இலாபம் உறுதி என்று வட்ஸ்அப்பில் ஆள் சேர்ப்பவர்களை நினைத்தால் இன்னும் பயம்.

சரி, கேட்க வந்தது இதுதான். பிட்கொயினை வைத்திருக்க உதவும் வொலட் என்ற செயலியைத் திறக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும். அவைதான் அந்த வொலட்டின் திறப்பு. அவற்றைப் போனில் படம் பிடிக்காமல், வரிசை மாறாமல் கடதாசியில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. தொலைத்தால் மீட்டுத் தர வங்கி மனேஜர் கிடையாது. இதை வயதானவர்களுக்கும் புரியும்படி படமாக வரைந்து தர யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், கிரிப்டோ வாங்க வங்கி அட்டையைப் பயன்படுத்த முடியாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அந்தச் சட்டப் பக்கத்தைச் சொல்ல, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு சட்டத்தரணியோ வங்கியில் வேலை செய்தவரோ வந்தால் பெரிய உதவி. கிரிப்டோவே கூடாது என்பவரானாலும் வாருங்கள், அவரையே முதலில் பேச விடுகிறேன். போக்குவரத்துச் செலவு என்னுடையது. இன்பொக்ஸில் எழுதுங்கள்.